புதுப்பிப்பு: எர்திக் எஸ்டேட்டும் அதன் ஆவணங்களும்

வேல்ஸின் ரெக்ஸம் அருகேயுள்ள எர்திக் மாளிகையை யார்க் குடும்பமே கட்டியதாக முன்பு எழுதியிருந்தேன், அது தவறு. 1680களில் அதைக் கட்டிய ஜோஷுவா எடிஸ்பரி கடனில் மூழ்கியபின், லண்டன் சட்ட வல்லுநர் ஜான் மெல்லரின் கைக்குச் சென்று, 1733இல் அவர் மறைந்தபோது சகோதரி மகன் சைமன் யார்க்குக்கு வந்தது.

எதையும் தூக்கியெறியாத குடும்பம் என்பதே நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். எஸ்டேட் கணக்குகளும் கடிதங்களும் ஃபிளின்ட்ஷயர் ஆவணக் காப்பகத்தை அடைந்தன. ஆயினும், தச்சர், சமையற்காரர், தோட்டக்காரர் எனப் பணியாளர்களை ஓவியமாகவும் பின்னர் புகைப்படமாகவும் பதிந்து, அவர்களைப் பற்றி எசமானர்களே இயற்றிய செய்யுள்களையும் சேர்த்து மாட்டிவைத்த வழக்கத்தையே, கவிநயம் சுமார்தான் என்றாலும், நான் அரிய ஆவணமாகக் கருதுகிறேன்.

நிலக்கரிச் சுரங்கத்தால் நிலம் அமிழ்ந்து சிதைந்த மாளிகை, 1973இல், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் பிரிட்டிஷ் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.