தங்கச்சிக்கு டிவி ஆங்கர் ஆகணும், நம்ம கன்னியாகுமரி மாவட்ட பேச்சு தடையா?

கருங்கல்காரி:
எனக்க தங்கச்சி பி.ஏ தமிழ் முடிச்சிருக்கா. சின்ன பிள்ளையில இருந்தே கோயில் கொடை, சர்ச் திருவிழா, ஸ்கூல் ஆண்டு விழா எல்லாத்துக்கும் அவதான் மைக் பிடிப்பா, இப்போ டிவியில ஆங்கர் ஆகணும்னு ஒரே பிடியா நிக்கா. போன மாசம் சென்னையில ஒரு சேனல் ஆடிஷனுக்கு கூட்டிட்டு போனேன், ரெண்டு வரி பேசுனதும் "நீங்க மலையாளியா"ன்னு கேட்டுட்டு அனுப்பிட்டாங்க. திரும்பி வரும்போ அனந்தபுரி ரயில்ல ஏறுனவ குழித்துறை வர்ற வரைக்கும் வாய் தொறக்கல. இந்த பேச்ச மாத்த முடியுமா, இல்ல வேற வேலை பாக்க சொல்லவா?

நாஞ்சில்குரல்:
வேற வேலை பாக்க சொல்லாதீங்க மக்ளே. நான் நாகர்கோவில் வானொலியில கேஷுவல் அறிவிப்பாளரா இருந்தவ, எனக்கும் இதே பேச்சுதான். நமக்கு ழ, ள எல்லாம் சுத்தமா வரும், அது பெரிய சொத்து. சிக்கல் வாக்கியம் முடியுற இடத்துல, "மழை பெய்தது"ன்னு வாசிச்சா அந்த கடைசி "து"வ மேல தூக்கி இழுத்துருவோம். தினமும் பேப்பர் முதல் பக்கத்த சத்தமா வாசிச்சு போன்ல ரெக்கார்டு பண்ணி கேக்க சொல்லுங்க, கொஞ்ச நாள்ல அவளுக்கே பிடிபடும். வானொலியில ஆள் எடுக்கும்போ எழுத்து தேர்வு, குரல் தேர்வு ரெண்டும் எழுதட்டும், கேமரா இல்லாம குரல மட்டும் வச்சு நிக்க பழகுறது ரொம்ப நல்லது.

தக்கலை மச்சான்:
நியூஸ் வேற, ஷோ வேற அக்கா. நியூஸ்ல கேமரா பக்கத்துல ப்ராம்ப்டர் திரையில வாசிக்க வேண்டிய எழுத்து ஓடிட்டே இருக்கும், காதுல புரொட்யூசர் பேசிட்டே இருப்பாரு, முகத்துல ஒண்ணும் காட்டக்கூடாது. ஷோவுக்கு வேண்டியது எதிராளிய பேச விடுற குணம். கோபிநாத் 2006ல இருந்து நீயா நானா நடத்துறாரு, வர்றவங்க எல்லாம் அவங்கவங்க ஊர் பேச்சுலதான் பேசுறாங்க, அவரு கேக்குற விதத்துலதான் ஷோவே நிக்கு. சிவகார்த்திகேயன் கலக்கப்போவது யாருல போட்டியாளரா வந்து, தொகுப்பாளராகி, 2012ல ஹீரோ ஆனவரு. முதல்ல இங்க லோக்கல் கேபிள் சேனல்ல கேளுங்க, காசு கம்மிதான், ஆனா கேமரா பயம் போயிரும். பணம் கட்டுனா ஆங்கர் ஆக்குறோம்னு எவன் சொன்னாலும் குடுத்துராதீங்க, எனக்க கூட்டுக்காரன் இருபதாயிரம் விட்டான்.

கருங்கல்காரி:
ரெக்கார்டு பண்ணி கேட்டோம், அந்த "து" அப்படியே இருக்கு! இப்போ மாடியில நின்னு மறுபடி வாசிச்சிட்டு இருக்கா.