மறு: கோப்பின் ‘ஹேஷ்’ பெறுமானத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

பண்டாரவளையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். செக்ரோல் (தொழிலாளியின் வரவும் பறித்த கொழுந்தும் சம்பளமும் பதியும் தோட்ட ஏடு) எக்செல் கோப்பாக வரும் வழக்குகளில் சத்தியக் கடதாசியோடு கோப்பின் ‘ஹேஷ்’ பெறுமானத்தையும், அதாவது கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணினி கணக்கிட்டுத் தரும் குறியையும், இணைக்கிறார்கள். தமிழில் ‘இலத்திரனியல் கைரேகை’ என்று எழுதலாமா? கையொப்பம் வைக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் விளங்க வேண்டும்.

அட்டனிலிருந்து:

அக்கா, ‘கைரேகை’ வேண்டவே வேண்டாம். விரல் வைத்து வரவு பதியும் கருவி உள்ள இடத்தில் ஒரே வழக்கில் உண்மையான கைரேகையும் இந்தக் ‘கைரேகை’யும் வந்து நிற்கும். தொழிலாளியின் விரல் அடையாளம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசேட வகைத் தரவு. கோப்பின் ஹேஷுக்கு அந்தப் பாதுகாப்போடு சம்பந்தமே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. கைரேகை என்றால் ‘யார்’ என்ற கேள்விக்குப் பதில். கைநாட்டு வைத்துப் பழகிய சனத்துக்கு யாரோ ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே படும். ஹேஷ் யார் எழுதியது என்று சொல்லாது. எழுதியது உண்மையா என்றும் சொல்லாது. அன்று எடுத்த கோப்பும் இன்று மேசையில் இருக்கும் கோப்பும் ஒன்றுதானா என்பதை மட்டுமே சொல்லும். ‘முத்திரை’யும் இதே காரணத்தால் சரிவராது. இலத்திரனியல் கையொப்பத்தோடு குழம்பும்.

செக்ரோலில் ஒருவர் பெயருக்கு எதிரே 18 கிலோ என்று இருந்ததை 16 ஆக்கிச் சேமித்தால், ஷா-256 என்ற ஹேஷ் கணக்கிடும் முறை தரும் 64 எழுத்துப் பெறுமானம் பழையதோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் மாறிவிடும். எங்கே மாறியது என்பதை அது காட்டாது. மாறியது என்பது மட்டும் தெரியும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹேஷ் மாறாது. பென்டிரைவுக்குப் பிரதி எடுத்தாலும் மாறாது. ஆனால் எக்செலில் திறந்து, ஒரு எண்ணைக்கூடத் தொடாமல் ‘சேவ்’ கொடுத்தாலே மாறிவிடும். சேமித்த நேரமும் கோப்புக்குள் எழுதப்படுவதுதான் காரணம். நல்ல சாட்சியங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், ஹேஷும் போய்விடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். ஸ்கிரீன்ஷொட் வேறு கோப்பு. மூலத்தின் ஹேஷ் அதற்குப் பொருந்தாது.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, இலத்திரனியல் ஆவணத்தில் உள்ள தகவல் உண்மை என்றே நீதிமன்றம் ஊகிக்கும். ஆகவே திருத்திய செக்ரோலைத் தோட்டத் தரப்பு முன்வைத்தால், அது பொய் என்று காட்டும் பாரம் தொழிலாளி தலையில்தான் விழும். மாத முடிவில் பிரதி கிடைத்த அன்றே அதன் ஹேஷை எடுத்து, திகதியோடு இன்னொருவரிடமும் கொடுத்து வைத்திருந்தால்தான் அவருக்குப் பிடிமானம்.

என் பரிந்துரை ‘சாற்றெண்’. கோப்பு முழுவதையும் பிழிந்து எடுத்த எண். சாற்றிலிருந்து இலையை மீட்க முடியாது. ஹேஷிலிருந்து கோப்பையும் மீட்க முடியாது.

கண்டியிலிருந்து:

தம்பி, ‘சாறு’ நல்ல பிடி. ஆனால் இலை கூடினால் சாறும் கூடும். ஹேஷ் அப்படியல்ல, ஒரு வரிக் கோப்புக்கும் ஒரு மணி நேர வீடியோவுக்கும் அதே 64தான். இதைப் பெயரில் திணிக்க வேண்டியதில்லை, வரைவிலக்கணத்தில் சொன்னால் போதும்.

எனக்கு உறுத்துவது ‘எண்’. மலையக நீதிமன்றங்களில் பதிவு மொழி சிங்களம். நம்மவர்கள் நடவடிக்கையை மொழிபெயர்ப்பாளர் வாய்வழிதான் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை அது. கூண்டில் நிற்பவர் காதில் ‘சாற்றெண்’ என்பது ‘சாட்சி எண்’ என்று விழும். இன்னொன்று: ஷா-256 பெறுமானத்தில் 0 முதல் 9 வரை இலக்கங்களோடு ஆறு ஆங்கில எழுத்துகளும் வரும். ‘எண்’ என்று கேட்டவர் எழுத்துகளை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் எழுதினால் முழுதும் வீண். ‘சாற்றுக்குறி’ என்று வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

அட்டனிலிருந்து:

ஏற்கிறேன் ஐயா. சாற்றுக்குறியை, சாற்றுக்குறிக்கு, சாற்றுக்குறிகள் என்று வேற்றுமையும் பன்மையும் இடறாமல் வருகின்றன. வினைக்கு ‘சாற்றுக்குறி எடு’, ஒப்பிடுவதற்கு ‘சாற்றுக்குறி பார்’.

எந்த முறையில் எடுத்தது என்ற பெயரை ஒருபோதும் விடக்கூடாது. எம்டி5 என்ற பழைய முறை தருவது 32 எழுத்து. ஒரே எம்டி5 வரும் இரு வேறு கோப்புகளை உருவாக்கலாம் என்று 2004லேயே காட்டிவிட்டார்கள். ஷா-1 என்ற இன்னொரு பழைய முறை தருவது 40. அதுவும் 2017இல் அப்படியே விழுந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கை வைப்பது இதில்தான். விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தின் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளை வேறொன்றும் சொல்லாமலே ஷா-256 தரும். லினக்ஸில் அதற்கு ‘ஷா256சம்’ கட்டளை.

பண்டாரவளையிலிருந்து:

மிக்க நன்றி. வாசகத்தை இப்படி அமைத்திருக்கிறேன்: “மேற்படி கோப்பு எனக்குக் கிடைத்த அன்றே, அதைத் திறந்து சேமிக்காமல், ஷா-256 முறையில் சாற்றுக்குறி எடுக்கப்பட்டது. அந்தச் சாற்றுக்குறி இணைப்பில் உள்ளவாறாகும்.” இணைப்பில் எழுத்துகளையும் தமிழாக்க வேண்டுமா?

கண்டியிலிருந்து:

வேண்டாம் மகள். அந்த 64ஐயும் கணினி தந்தபடியே விடுங்கள். ‘ஏ’, ‘பி’ என்று தமிழில் மாற்றினால் ஒட்டி ஒப்பிட முடியாது. கையால் தட்டவும் வேண்டாம், கணினியிலிருந்தே பிரதி பண்ணி ஒட்டுங்கள். அச்சிடும் தாளில் மட்டும் எட்டெட்டாகப் பிரித்து இரண்டு வரியில் போடுங்கள். கண்ணால் சரிபார்ப்பவருக்கு வரி தவறாது.