துவைத்த என்95, வேர்வையில் நனைந்த மாஸ்க்: அப்பாவுக்கு எது சரி?

தாம்பரம்_பீச்_லோக்கல்:
அப்பாவுக்கு வயது 68. வாரத்தில் 3 நாள் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போய்வருகிறார். பாரிமுனை நடைபாதையில் வாங்கிய, வால்வு வைத்த ‘என்95’ ஒன்றையே தினமும் சோப்புப் போட்டுத் துவைத்து மாட்டுகிறார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று புலம்பல் வேறு. இது போதுமா? கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), என்95 தடுப்பது 0.3 மைக்ரான் என்கிறார்களே, அப்புறம் எப்படித் தடுக்கும்?

வடிகட்டி:
முதலில் சோப்பை நிறுத்தச் சொல்லுங்கள். என்95-இன் நடு அடுக்கு மெல்ட்ப்ளோன் பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி ஊதிச் செய்த மெல்லிய இழைகள். அந்த இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருக்கும். நுண்துகளை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். சோப்புத் தண்ணீரில் அது போய்விடும். பார்க்கப் புதுசு போலவே இருக்கும், அதுதான் ஆபத்து.

0.3 மைக்ரான் குழப்பம் எல்லோருக்கும் வருவது. மாஸ்க் என்பது மாவுச் சல்லடை இல்லை. பெரிய துகள் நேராகப் போய் இழையில் மோதும். மிகச் சின்னது காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ள, கோணல்மாணலாக அலைந்து இழையில் ஒட்டும். இரண்டிலும் சிக்காமல் நழுவுவது 0.3-ஐ ஒட்டிய அளவுதான். அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். அதிலேயே 95% நின்றால், அதைவிடச் சின்னதும் பெருமளவு நிற்கும். தவிர, வைரஸ் தனியாகப் பறப்பதில்லை, எச்சில் துளியில்தான் வருகிறது.

வால்வு வேண்டாம். உள்ளே வரும் காற்றை வடிகட்டும், வெளியே விடுவதை அப்படியே விட்டுவிடும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறையும் இதைச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வாங்கும்போது ஐஎஸ் 9473 (இந்தியத் தர எண்), எஃப்எஃப்பி2 (அதில் என்95-க்கு ஈடான வகை) என்ற அச்சைப் பாருங்கள். காதில் மாட்டும் லூப் வைத்துவிட்டு ‘நியோஷ்’ (என்95-க்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு) என்று போட்டிருந்தால் போலி என்றே வையுங்கள்.

மூக்குக்கம்பி:
கண்ணாடியில் ஆவி படிகிறதென்றால் மூக்கின் மேல் காற்று கசிகிறது என்று அர்த்தம். கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து, இரு பக்கமும் சந்து விழும். இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் நடுவில் வைத்து, அழுத்தியபடியே கன்னம் வரை இறக்கணும். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள்தான் அதிகம்!

மாட்டியதும் இரு கைகளாலும் மூடி பலமாக ஊதிப் பார்க்கட்டும். கண் பக்கம் காற்று வந்தால் கம்பியையும், கன்னப் பக்கம் வந்தால் பட்டையையும் சரிசெய்யணும். தாடி இருந்தால் என்ன செய்தாலும் ஒட்டாது.

தாம்பரம்_பீச்_லோக்கல்:
தாடி உண்டு. எடுக்க மாட்டார் 🙂 மதிய வெயிலில் மூச்சு முட்டுகிறது என்றும் சொல்கிறார்.

மூக்குக்கம்பி:
அப்படியானால் 3 அடுக்கு சர்ஜிகல் மாஸ்க்கை உள்ளே போட்டு, மேலே இறுக்கமான பருத்தி மாஸ்க். மேல்துணி சர்ஜிகலின் ஓரத்தை முகத்தோடு அமுக்கிப் பிடிக்கும், வேலை அவ்வளவுதான். சர்ஜிகல் மேல் சர்ஜிகல் போட்டுப் பயனில்லை, ஓரம் திறந்தேதான் கிடக்கும். என்95-க்கு அடியில் எதையும் போடக் கூடாது. ஒற்றை சர்ஜிகல்தான் முடியும் என்றால், நீளவாக்கில் பாதியாக மடித்து, லூப்பை மாஸ்க் ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட்டு, பக்கத்து மடிப்பை உள்ளே செருகச் சொல்லுங்கள். முட்டும் மூச்சுக்கு: ஸ்டேஷனுக்கு வெளியே, கூட்டமில்லாத இடத்தில் கழற்றலாம். பெட்டிக்குள் கூடாது.

காகிதப்பை:
நம்ம ஊர் வேர்வைக்கு ஒரு சர்ஜிகல் மதியம்வரை தாங்கினாலே பெரிய விஷயம். நனைந்தால் மூச்சு இழுப்பது கஷ்டமாகி, காற்று ஓரவழியாகவே போகும். பையில் 2 உபரி இருக்கட்டும். சட்டைப்பையில் சுருட்டி வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கவரும் ஆகாது, ஈரம் உள்ளேயே நிற்கும்.

தாடி இல்லாத மற்றவர்கள் என்95 போடுவதானால் 4 வாங்கி, எண் எழுதி, முறைவைத்து மாட்டுங்கள். கழற்றியதைக் காகிதப் பையில் 3 நாள் காற்றாட விடணும், வெயிலில் காயப்போட வேண்டாம். பட்டை தளர்ந்தாலோ, உள்பக்கம் அழுக்கானாலோ அதோடு சரி. தூக்கிப்போடும் முன் பட்டையை வெட்டி, மாஸ்க்கையும் இரண்டாக வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்துவிட்டு உலர் குப்பையில் சேருங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது துவைத்துத் திரும்ப விற்க வாய்ப்புண்டு.