மதுரையில் வெளியூர்க்காரங்க சாப்பிடுற கடை வேற, நாம சாப்பிடுற கடை வேறயா?

சிம்மக்கல்காரன்:
மதுரையில எங்க சாப்பிடலாம்னு யார் கேட்டாலும் அதே நாலஞ்சு பேருதான் வருது. கோனார் கடை கறி தோசை, அம்மா மெஸ் எலும்பு மஜ்ஜை ஆம்லெட், விளக்குத்தூண் ஜிகர்தண்டா, பிரேமா விலாஸ் அல்வா, முருகன் இட்லி. எல்லாம் நல்ல கடைதான், பேரு சும்மா வந்துறல. ஆனா இங்கயே பொறந்து வளர்ந்தவன் ஒரு சாதாரண செவ்வாக்கிழமை ராத்திரி எங்க சாப்பிடுறான்? தெருமுனையில, ட்யூப்லைட் கட்டுன தள்ளுவண்டியில. ஈரத்துணி விரிச்ச தட்டுல மாவ ஊத்தி, ஆவி பறக்க எடுத்துப் போடுற இட்லி. தேங்கா சட்னி, காரச் சட்னி, கறிக்கொழம்பு. குடல் இருந்தா அன்னிக்கு யோகம். மாவு தீர்ந்தா கடை மூடிரும்.

என் கட்சி இதுதான்: கொஞ்சமா சமைக்கிற கடைதான் நல்லா சமைக்கும். மெனு அட்டை நீள நீள ருசி குறையும். பைபாஸ் ரோட்டுலயும் அண்ணாநகர்லயும் புதுசா வர்ற ஏசி ஓட்டல்ல பன்னீர், நூடுல்ஸ், ஷவர்மா, தந்தூரி, நடுவுல நம்ம பரோட்டா. அப்படி ஒரு கடையில சால்னா கேட்டேன். கெட்டியா, இனிப்பா, முந்திரி அரைச்ச கிரேவி வந்துச்சு. சால்னா தண்ணியா இருக்கணும், பிச்சுப் போட்ட பரோட்டா ஊறி இழுத்துக்கணும். மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க.

மாட்டுத்தாவணி அக்கா:
காரணத்தோடயே மறுக்கிறேன். நீங்க சொல்ற கடையில நான் எங்க உக்கார்றது? ராத்திரி ஒம்பது மணிக்கு ரோட்டோர பெஞ்சுல முழுக்க ஆம்பளைங்க. கை கழுவ ட்ரம்முல மொண்டு வச்ச தண்ணி. எங்க மாமியாருக்கு முழங்கால் வலி, சாய்மானம் இல்லாத பெஞ்சுல பத்து நிமிஷம் உக்கார முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுறவங்க, பாத்ரூம் இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டே போக முடியாது. நீங்க தனியா பைக்குல போய் நின்னுக்கிட்டே நாலு இட்லி சாப்பிட்டு வரலாம். உங்க அளவுகோல் அந்த மாதிரி ஆளுக்குத்தான் பொருந்தும்.

நீளமான மெனுவைத் திட்டுறீங்க. எங்க வீட்டுல அஞ்சு பேரு. மாமனாருக்கு வெங்காயம் ஆகாது, சின்னவளுக்குக் காரம் ஆகாது, வீட்டுக்காரருக்கு கறி இல்லாம இறங்காது. எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும்னா அந்த நீளமான அட்டைதான் வழி. வாரம் பூரா அடுப்படியில நிக்கிற பொம்பளைக்கு ஞாயித்துக்கிழமை ஒரு வேளை நாற்காலியில உக்காந்து, இன்னொருத்தர் பரிமாற சாப்பிடுறது பெரிய விஷயம். அதையும் சேர்த்துத்தான் நான் நல்ல ஓட்டல்ங்கிறேன்.

பழைய மாஸ்டர்:
ரெண்டு பேரும் மெனு அட்டையைப் பத்தியே பேசுறீங்க. நான் கல்லுக்கு முன்னாடி நின்னவன், அங்க இருந்து சொல்றேன்.

கறி தோசையை எடுத்துக்கங்க. அடியில கனமா ஊத்துன மாவு, அதுக்கு மேல முட்டை, அதுக்கு மேல ஏற்கனவே வெந்து சுண்டின கறி. தீயை அடக்கி வச்சாத்தான் நடு மாவு வேகும். திருப்பிப் போட்டா கறி கல்லுல பட்டு முறுகணும். கூட்டம் நெருக்குதுன்னு தீயைக் கூட்டினா அடி கருகும், நடுவுல மாவு பச்சையா நிக்கும். ஒரு கல்லுல ஒரு நேரத்துக்கு இத்தனைதான் போட முடியும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கை மீறாத முதலாளி கடையில சாப்பாடு நல்லாருக்கும்.

பெரிய ஓட்டல்ல டிபன் மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சைனீஸ் மாஸ்டர்னு தனித்தனி ஆள் உண்டு. ஆள் இருக்கிற வரைக்கும் மெனு நீளமா இருந்தாலும் தப்பு வராது. சம்பளத்தை மிச்சம் பிடிக்க பரோட்டா மாஸ்டரையே நூடுல்ஸ் கிளறச் சொல்றப்பதான் ரெண்டும் கெடுது. சிம்மக்கல்காரர் சாப்பிட்ட சால்னாவுக்கும் அதுதான் காரணமா இருக்கும். தனியா ஒரு குண்டான் வைக்க ஆள் இல்லாம, இருக்கிற கிரேவியையே சால்னான்னு ஊத்திக் கொடுத்திருப்பாங்க.

தெற்குவாசல் தம்பி:
நான் சிம்மக்கல் அண்ணன் பக்கம். ஆனா அண்ணே, கறியும் குடலும் மட்டும் மதுரையா? மேலச் சித்திரை வீதியில கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம், சாயங்காலம் மாசி வீதிப் பக்கம் கல்யாண முருங்கை வடை, கருப்பட்டி போட்ட பருத்திப்பால், இதெல்லாம் எங்க போச்சு? உங்க கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பருத்திப்பால் விக்கிறவர் பருத்திப்பால் மட்டும்தான் விக்கிறார்.

எனக்குக் கோபம் வேற இடத்துல. தூங்கா நகரம்னு போர்டு வைக்கிறோம். 2019ல கடைங்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம்னு அரசாணை போட்டாங்க, 2022ல இன்னும் 3 வருஷத்துக்கு நீட்டிச்சாங்க. ஆனா அது 10 பேராவது வேலை செய்யிற கடைக்குத்தான். ராத்திரி ஷிப்டு முடிச்சு வர்றவனுக்கும் ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்கிறவனுக்கும் சோறு போடுற இட்லிக் கடையில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருதான். பெரிய கடைக்குக் கெடைச்ச சலுகை அவங்களுக்குக் கெடைக்கல. நேரமாச்சு, அடுப்பை அணைன்னு முதல்ல அவங்களைத்தான் சொல்றாங்க.

சிம்மக்கல்காரன்:
அக்கா சொன்னதுக்கு வர்றேன். தண்ணியும் பாத்ரூமும் வேணும்ங்கிறது நியாயம். ஆனா அதைத் தள்ளுவண்டிக்காரர்கிட்ட கேக்கக் கூடாது. தெருவோர வியாபாரிகளுக்குன்னு 2014ல மத்திய அரசு சட்டமே போட்டுச்சு. வியாபாரம் செய்ய இடம் ஒதுக்கணும், அதுக்கு நகர அளவுல குழு அமைக்கணும்னு அதுல இருக்கு. ஒதுக்குன இடத்துல ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும் இருந்தா உங்க மாமியாரும் வருவாங்க, என் கடைக்காரரும் பொழைப்பார். அதைக் கேக்காம ஏசி ஹாலுக்குப் போனா அந்த வண்டிக்காரரு தோத்துட்டேதான் இருப்பார்.

அப்புறம் ஏசி ஹால் விலை. 2017 நவம்பர்ல சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு ஏசி உண்டு, இல்லைங்கிற பேதம் இல்லாம ஜிஎஸ்டி 5 சதவீதம்னு ஆக்கிட்டாங்க. மாடியில இருக்கிற ஏசி ஹால்ல கூடுதலா வாங்குற காசு முழுக்கக் கடைக்காரர் போடுற காசு. அதே சட்டியில இருந்து வர்ற சாம்பார்தான் ரெண்டு ஹாலுக்கும்.

மாட்டுத்தாவணி அக்கா:
மாநகராட்சியைக் கேளுங்க, நானும் கையெழுத்து போடுறேன். குழாய் வர்ற வரைக்கும் நான் எங்க சாப்பிடுறது? மாடியில கூடுதலா வாங்குற காசுக்கு எனக்குக் கதவு சாத்துன பாத்ரூம் கிடைக்குது. அது எனக்கு வீண் செலவா தெரியல.

எண்ணெயைப் பத்தி நீங்க யாருமே பேசல. ரோட்டோரக் கடை ஒண்ணுல சால்னா பார்சல் வாங்கிட்டு வந்து, சின்னவ ரெண்டு நாள் வாந்தியில கெடந்தா. பொரிச்ச எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சுறாங்கன்னு கண்ணால பாத்துருக்கேன். கேட்டா, இதான் ருசின்னு பதில் வருது. சூடு ஆறாத சால்னாவை கவர்ல கட்டிக் கொடுக்கிறதும் நிக்கல. 2019 ஜனவரியில தமிழ்நாடு அரசு தடை பண்ண பிளாஸ்டிக் இன்னும் ராத்திரிக் கடையில தொங்குது. இதையும் ஊர் ருசின்னு ஏத்துக்கணுமா?

பழைய மாஸ்டர்:
எண்ணெய் விஷயத்துல அக்கா பக்கம் நிக்கிறேன். 2018 ஜூலையில இருந்து சட்டமே இருக்கு. எண்ணெய் காயக் காய அதுல சேர்ற கெட்ட பொருள், மொத்த துருவப் பொருள்னு சொல்வாங்க, 25 சதவீதத்தைத் தாண்டுனா அந்த எண்ணெயைச் சமையலுக்கு வைக்கக் கூடாது. ஆனா இது ரோட்டுக் கடைக்கு மட்டும் உள்ள வியாதின்னு நினைக்காதீங்க. ரோட்டுக் கடையில சட்டி உங்க கண்ணு முன்னாடி இருக்கு, எண்ணெய் கறுத்தா, நுரைச்சா பாத்துட்டுத் திரும்பிரலாம். ஏசி ஹால்ல சட்டி சுவருக்குப் பின்னாடி. நான் வேலை பார்த்ததுல சுவருக்குப் பின்னாடி சுத்தமா வச்சிருந்த இடமும் உண்டு, வெளியேறி வந்த இடமும் உண்டு.

கிளை போட்டா ருசி போயிரும்னு அடிக்கடி ஒரு பேச்சு வருது, அதுக்கும் சொல்லிர்றேன். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டிக்காரங்க ஊர் ஊராப் போய் முனியாண்டி விலாஸ் வச்சவங்க. ஜனவரியில ஊருக்குத் திரும்பி வந்து, முனியாண்டி கோயில்ல பிரியாணிப் பிரசாதம் போடுறாங்க. எண்ணி முடியாத அளவுக்குக் கடை. ருசி நின்ன இடத்துல எல்லாம் சொந்த பந்தத்துல ஒருத்தன் அடுப்படியில நின்னு கத்துக்கிட்டு, அப்புறம்தான் கல்லாவுல உக்காந்தான். அடுப்பு தெரியாதவன் பேரை மட்டும் வாங்கி மாட்டுன இடத்துல வாசல்ல போர்டு மட்டும்தான் மிச்சம்.

தெற்குவாசல் தம்பி:
மாஸ்டர், அப்ப வெளியூர்ல இருந்து வர்ற என் நண்பனுக்கு எதைச் சொல்லட்டும்? பட்டியல் கடையா, என் தெருக் கடையா? என் தெருக் கடையைச் சொன்னா, அடுத்த மாசம் யாராவது வீடியோ போட்டு அங்கயும் நாப்பது பேரு நிப்பான். அங்க இட்லி விக்கிற அக்கா ஒத்தை ஆளா மாவாட்டுறவங்க. நீங்க சொன்ன கணக்கு அங்க அன்னிக்கே உடையும்.

பழைய மாஸ்டர்:
சனி, ஞாயிறு ராத்திரி பேர் பெற்ற எந்தக் கடைக்கும் அனுப்பாதீங்க தம்பி. புதன், வியாழன், கடை திறந்த முதல் அரை மணி நேரத்துக்குள்ள போகச் சொல்லுங்க. கல் சரியான சூட்டுல இருக்கும், மாஸ்டர் அலுக்காம இருப்பார். உங்க தெருக் கடைக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க, வீடியோ எடுக்க விடாதீங்க.

மாட்டுத்தாவணி அக்கா:
தம்பி, அந்த இட்லிக்கார அக்கா கடை எந்தத் தெருன்னு எனக்கு மட்டும் தனியா அனுப்புங்க. வீட்டுல இருந்து தூக்குவாளி கொண்டு வர்றேன், குழம்பை அதுலயே ஊத்தித் தரச் சொல்லுங்க. உக்காந்து சாப்பிட நான் மாடி ஹாலுக்குத்தான் போவேன், அதுல மாத்தம் இல்ல. சிம்மக்கல்காரரே, மாநகராட்சிக்கு மனு எழுதுனா கழிப்பறையை முதல் வரியில எழுதுங்க, குழாயை ரெண்டாவதா வைங்க.