மறு: "ஃபாரின் ஏஜென்ட்" – அயலக முகவர் வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்,

நேத்து வந்த கலைச்சொல் பட்டியல்ல ஃபாரின் ஏஜென்ட்டுக்கு "அயலக முகவர்"னு போட்டிருந்தீங்க. முகவர்னாலே எனக்கு பாலிசி போடச் சொல்லி வீட்டுக்கு வர்றவர்தான் ஞாபகம் வருது, மன்னிச்சுக்குங்க. ஒற்றரும் பத்தாது. ஒற்றர் வேவு பாத்து சேதி சொல்றவர், நான் மொழிபெயர்க்கிற பழைய அமெரிக்க வரலாற்றுக் கட்டுரைல வர்ற ஆளுங்க அதுக்கும் மேல.

கென்டக்கில வியாபாரம் பண்ணின ஜேம்ஸ் வில்கின்சனையே எடுத்துக்குங்க. 1784ல மிசிசிப்பி ஆத்துல அமெரிக்கப் படகு வரக்கூடாதுன்னு ஸ்பெயின் அடைச்சிருச்சு, அப்போ அமெரிக்காவோட மேற்கு ஓரத்துல இருந்த கென்டக்கியோட விவசாயி விளைச்சலை மலை தாண்டி கிழக்க கொண்டுபோனா கட்டுப்படியாகாது, ஆறு ஒண்ணுதான் வழி. இந்தாளு 1787ல, அப்போ ஸ்பெயின் வசம் இருந்த நியூ ஆர்லியன்ஸ் போய் ஸ்பெயின் கவர்னர் மீரோவைப் பாத்து, ஸ்பெயின் ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு எழுதிக் குடுத்துட்டு, கென்டக்கியைப் பிரிச்சு உங்க பக்கம் கொண்டுவரேன்னு ஆசை காட்டி வியாபாரச் சலுகையும் வாங்கிட்டு வந்துட்டார். ரகசியக் கடிதங்கள்ல அவர் நம்பர் 13. பின்னாடி அமெரிக்க ராணுவத்துக்கே தலைமைத் தளபதி ஆனார், அதுக்கப்புறமும் ஸ்பெயின்கிட்ட பணம் வாங்கினார்!

இப்படிப்பட்டவரை நம்ம ஊர்ல கையாள்னுதான சொல்லுவோம்? அதனால "அயற்கையாள்". 1793ல பிரெஞ்சுத் தூதர் ஜெனே, ஸ்பெயின்காரங்க மேல படையெடுக்க முன்னாள் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க்கைப் பிடிச்சாரே, அங்கயும் தூதர் வேற, கையாள் வேறன்னு சுத்தமா பிரிஞ்சுரும்.

----

> அதனால "அயற்கையாள்"

சொல் நல்லாருக்குங்க. ஆனா அலெக்சாண்டர் மெக்கிலிவ்ரேவை எங்க வைப்பீங்க? கிரீக் (Creek)ங்கிற அமெரிக்கப் பூர்வகுடி மக்களோட தலைவர். 1784ல ஃபுளோரிடாவுல இருக்கிற பென்சகோலால ஸ்பெயினோட ஒப்பந்தம் போட்டு சம்பளம் வாங்கினார், 1790ல நியூயார்க்ல அமெரிக்க ஜனாதிபதி வாஷிங்டனோட அரசோட ஒப்பந்தம், பிரிகேடியர் ஜெனரல் பட்டம், வருஷத்துக்கு 1200 டாலர். ரெண்டு பக்கமும் வாங்கினார், யார் கைக்கும் அடங்கல, தன் ஜனங்க நிலத்தைக் காப்பாத்த ஒருத்தரை வச்சு இன்னொருத்தரை மிரட்டிக்கிட்டே இருந்தார். அவரைப் போய் கையாள்னா அது மாட்ரிட்ல உக்காந்து எழுதுற கணக்கு. "மானியம் பெற்ற தலைவர்"னு விரிச்சே எழுதிருங்க, எல்லாத்துக்கும் ஒத்தைச் சொல் தேடணும்னு என்ன கட்டாயம்?

----

சரியாத்தான் மாட்டிவிட்டீங்க, ஒத்துக்கறேன். மெக்கிலிவ்ரேவுக்கு உங்க சொல், வில்கின்சனுக்கும் கிளார்க்குக்கும் மட்டும் கையாள். ஒரே ஒரு சந்தேகம், "அயற்கையாள்"னு புணர்த்தி எழுதினா படிக்கிறவங்க திணறுவாங்களோ? "அயல் கையாள்"னு பிரிச்சுப் போட்டா இலக்கணக்காரங்க அடிக்க வருவீங்களா?