நாலு கோர் இருந்தும் கேமரா டாஸ்க் கெடு தவறுகிறது, எங்கே தப்பு?

சோமனூரான்:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு, துணியில் ஓட்டையோ ஊசிக்கோடோ விழுந்தால் கேமராவில் பார்த்து மிஷினை நிறுத்துகிற பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். நாலு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள போர்டு, குறித்த நேரத்துக்குள் வேலை முடிய வேண்டிய இடத்துக்கான ரியல்டைம் லினக்ஸ். சென்சார் டாஸ்க் நாலு, ஒவ்வொன்றும் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வந்து 1 மில்லிசெகண்ட் ஓடும். படம் பார்க்கிற டாஸ்க் 11-க்கு ஒருமுறை. வழக்கமாக 8 எடுக்கும், குறை நிறைய இருந்தால் 10.5 வரை போகும். எந்த டாஸ்கும் அடுத்த முறை வருவதற்குள் முடிய வேண்டும், அதுதான் கெடு. கூட்டினால் ஒன்றரைக் கோருக்குக்கூட வேலை இல்லை. ஆனால் குறை வருகிற அந்த நேரத்தில்தான் கெடு தவறி, மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, துணி வீணாகிறது. அடிக்கடி வரும் டாஸ்குக்கு அதிக முன்னுரிமை என்று படித்தபடிதான் வைத்திருக்கிறேன்.

பீளமேட்டுக்காரர்:
தம்பி, நீங்கள் படித்தது ஒரே கோருக்கான கணக்கு, லியு, லேலண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-ல் போட்டது. பல கோருக்கு அப்படியே எடுத்தால் கவிழ்த்துவிடும் என்று தால் (Dhall) என்பவரும் அதே லியுவும் 1978-லேயே காட்டிவிட்டார்கள். உங்கள் எண்களையே காகிதத்தில் போடுங்கள். 0-வது மில்லிசெகண்டில் ஐந்து டாஸ்கும் ஒன்றாக வருகின்றன, சின்னது நாலும் நாலு கோரையும் பிடித்துக்கொள்ள, பெரியது, அதாவது படம் பார்ப்பது, 1-ல்தான் ஏறுகிறது. 10-ல் அந்த நாலும் திரும்ப வந்து அதை இறக்கிவிடுகின்றன. 11-ல் கெடு, இன்னும் 1.5 பாக்கி. கெடு நெருங்கியதற்கே முதலிடம் என்று மாற்றினாலும் 11.5-ல்தான் முடியும். சின்னது நாலையும் ஒரே கோரில் மட்டும் ஓடும்படி கட்டுங்கள், அந்தக் கோரின் நேரத்தில் 40 சதவீதம்தான் ஆகும். பெரியதற்குத் தனிக் கோர் கொடுங்கள்.

கோபி:
அண்ணன் சொன்னது சரிங்க, ஆனால் டாஸ்க் கூடினால் பிரித்துக் கட்டுவதும் சிக்கல்தான். ஒரு கோரின் நேரத்தில் 60 சதவீதம் கேட்கிற டாஸ்க் மூன்றை இரண்டு கோரில் எப்படி அடுக்கினாலும் ஒன்று வெளியே நிற்கும். அப்புறம், கோர் தனியென்றாலும் மெமரி பொது. கீழ்பவானி வாய்க்காலில் மேல்மடையில் அதிகம் எடுத்தால் கடைமடைக்குக் குறைகிற மாதிரி, பக்கத்துக் கோர் மெமரியை இழுத்தால் உங்கள் 10.5 ஏறிவிடும். எல்லாம் ஓடும்போது திரும்ப அளந்து பாருங்க.

சோமனூரான்:
பிரித்துக் கட்டினேனுங்க, உடனே தெரிந்தது. ஆனால் கோபி சொன்னபடி அளந்தபோது, இன்னொரு கோரில் படம் சேமிக்கும் வேலை நடந்தால் 10.5 என்பது 11.2 ஆகிறது. சேமிப்பை மிஷின் நின்ற பிறகு என்று தள்ளிவிட்டேன். நேற்று இரவு ஷிஃப்ட் முழுக்க ஒரு கெடுகூடத் தவறவில்லை.