கம்பிச் சில்லு பூட்டிய 1968 எம்.ஜி.பி ஜி.டி காருக்கு எந்த டயரைப் போடுவது?

உவர்மலையான்:

அனைவருக்கும் வணக்கம். மாமாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த 1968ஆம் ஆண்டு எம்.ஜி.பி ஜி.டி என்ற பிரித்தானியக் காரை இரண்டு வருடங்களாகச் சிறிது சிறிதாகத் திருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் நிலாவெளி வரையும், மனம் வந்தால் கந்தளாய் வரையும் ஓட்டிச் செல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எஞ்சினிலும் பிரேக்கிலும் குறையில்லை. இப்போது தலையிடி டயர்தான். தரையில் படும் பகுதியின் வெட்டுகள் இன்னும் ஆழமாகவே இருக்கின்றன. ஆனால் பக்கச்சுவரில் தலைமயிர் போலத் தொடங்கிய வெடிப்புகளுக்குள் இப்போது நகநுனி இறங்குகிறது. தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 1109, அதாவது 2009ஆம் ஆண்டின் பதினோராவது கிழமை. கார் பெரும்பாலும் நின்றபடியே இருந்ததால் டயர் தேயவில்லை, கிழடு தட்டிவிட்டது.

கையேட்டில் உள்ள அளவு 165 ஆர் 14 (165 மில்லிமீட்டர் அகலம், ஆர் என்றால் ரேடியல் டயர், 14 அங்குலச் சில்லு). சில்லுகள் அறுபது கம்பிகள் கொண்டவை. ரிம்மின் அகலம் நாலரை அங்குலம். திருகோணமலை நகரில் விசாரித்தபோது மூன்று வகை டயர்கள் கையிருப்பில் இருந்தன. ஒன்று எட்டு பிளை (எட்டு அடுக்குப் பலம் கொண்ட) வான் டயர். அளவு எழுத்துக்கு எழுத்து அதே 165 ஆர் 14, விலையும் குறைவு. மற்றது 185/65 ஆர் 14 (பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம்). மூன்றாவது, பழைய டொயோட்டா அலியன் கார்களுக்குப் போடும் 185/70 ஆர் 14. "அளவு சரியென்றால் எல்லாம் சரிதானே" என்று கடைக்காரர் வான் டயரையே எடுத்து வைக்கிறார். மாரி தொடங்குவதற்கு முன் இந்த வேலையை முடிக்க விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

சீனக்குடா கராஜ்:

தம்பி, வான் டயரை வாங்க வேண்டாம். அளவு ஒன்றாக இருந்தாலும் அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்ட பொருள். எட்டு பிளை 165 ஆர் 14 டயரின் பக்கத்தில் பெரும்பாலும் 97 என்ற பாரக்குறி இருக்கும்; ஒரு சில்லு 730 கிலோ சுமக்கும் என்பது அதன் பொருள். உங்கள் கார் முழுவதுமே ஏறத்தாழ 1,100 கிலோதான். அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அறுபது இறாத்தலுக்கு மேல் காற்றோடு ஓடுவதற்காகவே அந்தப் பக்கச்சுவர் அவ்வளவு தடிப்பாக இருக்கிறது. அதை இருபத்துச் சொச்சம் இறாத்தலில், இலேசான ஒரு காரில் பூட்டினால் அது வளைந்து கொடுக்காது. குழியில் விழுந்தால் அடி நேரே கம்பிகளுக்குப் போகும். ஈரத்தெருவில் பிரேக் அழுத்தினால் பிடிமானம் போதாது. நான் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் பிடிவாதத்துக்காக இதே டயரைப் பூட்டிக் கொடுத்து, அடுத்த கிழமையே கழற்றியிருக்கிறேன். அந்தக் கூலியை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கிண்ணியா மைனர்:

மேலே எழுதிய ஐயா அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். என்னுடைய மொரிஸ் மைனரும் பதினான்கு அங்குலச் சில்லுதான். வான் டயர் போட்டு நான்கு வருடங்களாகக் கிண்ணியாப் பாலத்தால் தினமும் வந்துபோகிறேன். ஒரு குறையும் கண்டதில்லை.

சீனக்குடா கராஜ்:

நானா, உங்கள் மைனர் ஐம்பது மைல் வேகத்தைத் தொட்டால் நீங்களே காலை எடுத்துவிடுவீர்கள். எம்.ஜி.பி நூறு மைலைத் தாண்டும் கார். அந்த வேகத்தில் தம்பி ஓட்டப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஹபரணைப் பக்கத்துக் காட்டுவழியில் திடீரென ஒரு மாடு குறுக்கே வந்தால், டயர் எந்தக் காருக்காகச் செய்யப்பட்டது என்பது அப்போது தெரியும்.

மட்டுநகர் எம்.ஜி:

நானும் இதே மொடல் காரை இதே சில்லுகளுடன் வைத்திருப்பவன் என்பதால், மற்ற இரண்டு டயர்களையும் பற்றிச் சொல்கிறேன்.

பழைய முறையில் 165 ஆர் 14 என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 625 மில்லிமீட்டர். 185/65 ஆர் 14 இன் விட்டம் 596 மட்டுமே. வேகமானி நூறு காட்டும்போது கார் உண்மையில் 95இல்தான் ஓடும். அது பெரிய குறையல்ல. கார் பதினைந்து மில்லிமீட்டர் பதிந்துவிடும் என்பதுதான் குறை. ஏற்கெனவே தாழ்ந்த சைலன்சரை வைத்துக்கொண்டு நம் ஊர் வேகத்தடைகளில் அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அத்துடன் அந்த டயருக்குக் குறைந்தது ஐந்து அங்குல ரிம் வேண்டும், உங்களுடையது நாலரை.

185/70 ஆர் 14 இன் விட்டம் 615. வேகமானியில் இரண்டு வீத வித்தியாசம்கூட வராது, நாலரை அங்குல ரிம்மும் அதற்குக் கீழெல்லையாக அனுமதிக்கப்பட்டதுதான். கணக்கில் எல்லாம் பொருந்தியதால் நான் அதையே போட்டேன். முதல் இரண்டு கிழமையும் சிக்கல் இல்லை. பிறகு மனைவியையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து, கன்னியா வெந்நீரூற்றடியில் நிறுத்திக் குனிந்து பார்த்தபோது, இடதுபக்கப் பின்டயரின் வெளிப்புறத்தில் விரலகலத்துக்கு ஒரு வளையம் பளபளவென்று தேய்ந்திருந்தது. மட்கார்டின் உள்விளிம்பில் பெயின்ட் போய்த் தகரம் தெரிந்தது. வலதுபக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. இந்தக் கார்களில் பின் அச்சு சரி நடுவில் நிற்பது அரிது என்று பிறகுதான் அறிந்தேன். ஆகவே காசு கொடுப்பதற்கு முன், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் இரண்டு பக்கமும் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள்.

எந்த டயரை வாங்கினாலும் டியூபும் வாங்க வேண்டும். கம்பிகளின் முனைகள் ரிம்முக்கு உள்ளே வருவதால் அங்கே காற்று நிற்காது. முனைகளின் மேல் ரப்பர்ப் பட்டி சுற்றி, ரேடியலுக்கென்றே செய்த டியூபைப் போடச் சொல்லுங்கள். டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கடதாசி லேபலை உரித்துவிட்டு, குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தாராளமாகத் தூவ வேண்டும். அந்த லேபலின் விளிம்பு அராவியே ஒரு டியூபை நான் இழந்தேன். டியூப் போட்ட டயர் மற்றவற்றைப் போல மெல்ல இறங்காது, ஒரேயடியாகக் காற்றுப் போகும். இன்னொன்று, சில்லைச் சமநிலைப்படுத்தும் இயந்திரத்தில் கம்பிச் சில்லுக்குரிய கூம்பு இல்லையென்றால் அந்தக் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் பாவிப்பது பிரெல்லி சிந்துராட்டோ சி.ஏ.67, பழைய முறையிலேயே 165 எச்.ஆர் 14 (எச் என்பது வேகக் குறி). பழைய கார்களுக்காக இன்றும் புதிதாக வார்க்கப்படுகிறது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் ஸ்டியரிங் இலேசாகிவிட்டது. முன்பு மல்லுக்கட்டித் திருப்பிய இடத்தில் இப்போது இரண்டு விரல் போதும். கையேட்டில் முன்னுக்கு 21, பின்னுக்கு 24 இறாத்தல் என்று இருக்கிறது. நான் இரண்டு மூன்று இறாத்தல் கூட்டியே வைக்கிறேன்.

சீனக்குடா கராஜ்:

தம்பி, டயரைக் கழற்றும் நேரத்தில் கம்பிகளையும் பார்த்துவிடுங்கள். கடற்காற்று முதலில் தின்பது கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்தைத்தான். ஒரு கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது தகரம் போலச் சத்தமிடும். ஸ்பெயார் சில்லில் என்ன டயர் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

உவர்மலையான்:

பதில் எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை அளந்து பார்த்தேன். வலதுபக்கத்தில் இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. இடதுபக்கத்தில் ஒரு விரலையே தேய்த்துக்கொண்டுதான் நுழைக்க முடிந்தது. எனவே 185/70ஐக் கைவிட்டுவிட்டேன். ஸ்பெயார் சில்லில் இருப்பது மாமா காலத்து 5.60-14, அகலத்தை அங்குலத்தில் எழுதிய பழைய வகை; ரேடியலே அல்ல. இத்தனை காலமும் அதை நம்பிக் கந்தளாய்க்குப் போய்வந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆகவே 165 எச்.ஆர் 14 டயர் ஐந்தும் டியூப் ஐந்தும் கொழும்பு முகவர் ஒருவர் மூலமாக எடுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். மாரிக்கு முன் வந்து சேராது என்கிறார்கள். அதுவரை கார் கட்டைகளின் மேல் நிற்கட்டும்.

கரண்டியால் தட்டியதில் முன் இடதுசில்லில் நான்கு கம்பிகளும் பின் வலதுசில்லில் ஒன்றும் தகரச் சத்தம் போட்டன. சீனக்குடா ஐயா, சனிக்கிழமை அந்த இரண்டு சில்லுகளையும் கொண்டுவரலாமா?